முப்பத்திரண்டு அடி

படுத்த படுக்கையாய்க் கிடந்த என் மாமனாரை எழுப்பி நடக்க வைத்தவள் நான்தான். எங்கள் ஊரில் இன்றைக்கும் இரண்டு மூன்று கிழவிகள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மருமகள் என்றால் அவளைப் போல இருக்க வேண்டும் என்று தங்கள் வீட்டு மருமகள்களுக்கு என்னைக் காட்டி இடிக்கிறார்கள். அந்தப் பெண்கள் என்னைப் பார்க்கும்போதே முகம் கடுகடுவென்று இருக்கும். அவர்கள் மேல் தப்பில்லை. நடக்க வைத்தது உண்மை. எதற்காக நடக்க வைத்தாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. எண்பதைத் தாண்டியாகிவிட்டது. இனிமேல் சொன்னால் யார் வந்து என்னை என்ன செய்துவிடப் போகிறார்கள்?

எங்கள் ஊர் பெரியபாளையத்துக்கு வடக்கே, ஏரிக்கரையை ஒட்டி ஒரே தெரு. இப்போது அந்த வழியாகத் தேர்வாய் கண்டிகைக்குக் கம்பெனி பஸ் போகிறது. அப்போது கட்டை வண்டிதான். மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் வீட்டுக்காரர். இளையவன் மெட்ராஸில் மில் வேலைக்குப் போய்விட்டான், சனிக்கிழமை வந்தால் திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவான். பழைய வீட்டில் நாங்கள். தெருவின் எதிர் வரிசையில், கொஞ்சம் தள்ளி, இளையவன் வீடு. அங்கே என் ஓரகத்தி ஒற்றை ஆளாகக் குடித்தனம் செய்துகொண்டிருந்தாள்.

மாமியார் போன மறு வருஷம் மாமனார் நிலத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அவருக்குச் சோறு முறை வைத்துப் போடுவதென்று ஏற்பாடு. அமாவாசைக்கு அமாவாசை, ஒரு மாதம் எங்கள் வீடு, ஒரு மாதம் எதிர்வீடு. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இருந்த வழக்கம்தான். ஆனால் எங்கள் வீட்டு முறைக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு. அதைப் போட்டவர் மாமனாரே. பாகம் பிரித்த அன்றைக்கு, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் ஒண்ணும் பாகம் பிரிக்கிற அண்டா இல்ல, இவன் ஊட்ல இருந்து தூக்கினு போயி அவன் ஊட்ல வெக்கிறதுக்கு. அமாவாசை அன்னிக்கி விளக்கு வெக்கறதுக்குள்ள என் கால்ல நானே நடந்து போவேன். வாசப்படி தாண்டி கால் வெச்சா அங்க முறை ஆரம்பம். தாண்டலயா, இருக்கிற ஊட்லயே முறை ஓடும். எவனும் எனக்குக் கை குடுக்கக் கூடாது."

அவர் சட்டம் போட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது. ஊர் ஏரித் தண்ணீரை யாருக்கு எவ்வளவு நேரம் என்று முறை சொல்கிறவர் அவர்தான். கடிகாரம் எல்லாம் இல்லை. வெயிலில் நின்று தன் நிழலைத் தன் காலாலேயே அடி அளப்பார். இத்தனை அடி நிழல் வரைக்கும் உனக்கு, அதற்கப்புறம் அடுத்தவனுக்கு. அளவு வந்ததும், "முடிஞ்சிது" என்பார். அவ்வளவுதான். மண்வெட்டிக்காரன் மடையை அடைத்துவிட வேண்டும்.

கல்யாணமாகி வந்த புதிதில் கழனிக்குக் கஞ்சி எடுத்துப் போனபோது ஒன்று பார்த்தேன். புருஷனை இழந்தவள் ஒருத்தி, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று முறைக்கு நேரம் கழித்து ஓடி வந்தாள். தண்ணீர் அப்போதுதான் அவள் வரப்பைத் தொட்டது. இவர் குனிந்து நிழலை அளந்தார். "முடிஞ்சிது" என்றார். அவள் காலில் விழுந்தாள், இவர் காலை நகர்த்திக்கொண்டார். அவள்மேல் பகை ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது, "இன்னிக்கி அவ அழுவறான்னு உட்டா, நாளைக்கி ஒவ்வொருத்தனும் ஒரு அழுகையோட வருவான்" என்று தன் பிள்ளையிடம் சொன்னார். அவள் நாற்று அப்படியே காய்ந்து சருகாகிவிட்டது. எனக்கு அன்றைக்கு இவர்மேல் பயம் வந்தது. கூடவே ஒரு மரியாதையும் வந்தது என்பதை மறைப்பானேன்?

நயா பைசா புதிதாக வந்த வருஷம் அந்தக் காய்ச்சல் வந்தது. கப்பலில் மெட்ராஸுக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறிப் பொன்னேரிக்கு வந்து, சந்தைக்குப் போனவர்களோடு எங்கள் தெருவுக்கு வந்தது என்றார்கள். அம்மை என்றால் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியும். இது வேறு மாதிரி. காலையில் ஏர் ஓட்டிக்கொண்டிருப்பவன் மத்தியானம் வரப்பில் சுருண்டு கிடப்பான். எலும்பெல்லாம் அடித்து நொறுக்கின மாதிரி வலி, அப்புறம் வறட்டு இருமல்.

வைகாசி அமாவாசைக்கு மாமனார் எங்கள் வீட்டுக்கு முறை மாறி வந்திருந்தார். பத்து நாளில் என் இரண்டு குழந்தைகளும் விழுந்தன. பிறகு வீட்டுக்காரர், பிறகு நான். நாங்கள் நாலைந்து நாளில் எழுந்துவிட்டோம். கடைசியாக விழுந்தவர் மாமனார். அவர் எழவில்லை. சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. பெரியபாளையத்திலிருந்து கம்பவுண்டர் சைக்கிளில் வந்து, வேளைக்கு இவ்வளவு என்று பாட்டிலில் காகிதம் ஒட்டி மிக்சர் கொடுத்தார். ஒரு வாரத்துக்குமேல் கொதித்துக் கிடந்து காய்ச்சல் இறங்கியது.

"உயிருக்கு ஒண்ணும் இல்ல" என்றார் கம்பவுண்டர். "ஆனா வயசாயிடுச்சி. கால்ல தெம்பு வர எத்தினி மாசம் ஆவுமோ. வராமலே போனாலும் போலாம். கூடவே ஒரு ஆளு இருந்து பாக்கணும்."

அந்த ஒரு ஆள் யார் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. எல்லாருடைய கண்ணும் என்மேல் வந்து நின்றது.

விடியற்காலையில் செம்பை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிற மனிதர் அவர். அறுபத்தெட்டு வயதிலும் உலக்கை மாதிரி இருந்தார். பதினைந்தே நாளில், கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார இரண்டு பேர் வேண்டும் என்று ஆகிவிட்டார். அடுப்புச் சாம்பலைப் போட்ட மண்சட்டி கட்டிலுக்கு அடியில் வந்தது. முதல் இரண்டு நாள் என் வீட்டுக்காரர் அவரைத் துடைத்து எடுத்தார். மூன்றாம் நாள், "கிணத்துல கவலை ஓட்டணும், நாத்தங்கால் காயுது" என்று விடிவதற்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பாமேல் பாசம் இல்லாதவர் இல்லை. பாசத்துக்குச் சட்டி கழுவத் தெரியவில்லை.

நான் அந்த வீட்டுக்கு வந்து அப்போது எட்டு வருஷம். மாமனார் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசினதில்லை. அவர் வந்தால் கதவு மறைவுக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவரை இப்போது புரட்டிப் போட்டு, வேட்டியை உருவி, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நான் துடைக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். நானும் பாதி மூடிக்கொள்வேன். எனக்கு இரக்கம் வரவில்லை. அருவருப்பு வந்தது. சோற்றில் கை வைத்தால் அந்த நாற்றம் வரும். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. அமாவாசை எப்போது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனி அமாவாசை வந்தால் எதிர்வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒன்றை நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அமாவாசை வந்தது. அன்றைக்கு மத்தியானம் என் வீட்டுக்காரரும் பண்ணையாளும் கட்டிலோடு அவரைத் தூக்கினார்கள். கிழவருக்கு அவ்வளவு குரல் எங்கேயிருந்து வந்ததோ தெரியவில்லை.

"வையிடா கீழ! என்னைத் தூக்கினு போறதுன்னா சுடுகாட்டுக்குத்தான் போவணும். உயிரோட எவன்டா என்னைத் தூக்கறது?"

"இல்ல நைனா, முறை மாறணும் இல்ல…" என்று என் வீட்டுக்காரர் இழுத்தார்.

"நடந்து போனாத்தான் முறை. நான் சொன்ன வார்த்தை அது. மறந்துட்டியா?"

கட்டிலைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனேன். ஓரகத்தி வாசற்படியில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம். அவளும் அதே காய்ச்சலில் கிடந்து எழுந்தவள்தான். கண் குழிந்து, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை.

"நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. நீ கூப்டா வருவாரு" என்றேன்.

"நான் இன்னாக்கா சொல்றது? அவரே போட்ட சட்டம். நடந்து வரட்டும், தலைமேல வெச்சிப் பாத்துக்கறேன்" என்றாள். குரலில் பணிவு இருந்தது. வாசற்படியை விட்டு மட்டும் நகரவில்லை.

கிழவருடைய கால் அவரை விட்டுப்போன அன்றைக்கே அவரை என் தலையில் கட்டியாகிவிட்டது. இனி எத்தனை அமாவாசை வந்தாலும் முறை என் வீட்டிலேயேதான் ஓடும். இவருக்குச் சாவும் வராது, காலும் வராது. இருபத்தேழு வயதில் என் கதி இந்தச் சட்டிதான் என்று நினைத்தபோது அவளை அங்கேயே பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. திரும்பி நடந்தேன். பாதித் தெருவில் எனக்கு ஒன்று தோன்றியது. நின்றேன். மறுபடி அவள் வாசலுக்குப் போய், அங்கிருந்து எங்கள் வாசல் வரை அடி எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பத்திரண்டு. கிழவர் அடுத்த அமாவாசைக்குள் முப்பத்திரண்டு அடி நடந்து, ஒரு படியைத் தாண்டினால் போதும். அதற்குமேல் அவர் நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன?

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைக்குப் போட்டுக் கழற்றிய பழைய வடக்கயிறு ஒன்று கொட்டகையில் கிடந்தது. அதைப் புழக்கடையில் மாட்டுக்கொட்டகைக் கம்பத்துக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே, இடுப்பளவு உயரத்தில் இழுத்துக் கட்டினேன். போக பதினாறு, வர பதினாறு. கட்டிலைக் கொண்டுவந்து ஒரு முனையில் போட்டேன். அவரைக் கயிற்றைப் பிடிக்க வைத்தேன்.

முதல் நாள் நின்றதோடு சரி. கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடி, அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் இரண்டு அடி. மூன்றாம் நாள் வரவே மாட்டேன் என்றார். "உடும்மா, என்னால ஆவாது" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டிலுக்கு அடியிலிருந்த மண்சட்டியை எடுத்தேன். முருங்கை மரத்தடியில், கயிற்றின் அந்த முனையில் கொண்டுபோய் வைத்து, நாலு கீற்றைச் சாய்த்து மறைப்புக் கட்டினேன்.

"சட்டி அங்க கீது மாமா" என்றேன். "வேணும்னா நடந்து போங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. இவள் நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று பார்க்கிற பார்வை. நிஜமாகத்தான் சொன்னேன். அன்றைக்கு ஐந்தாவது அடியிலேயே நின்ற இடத்தில் போய்விட்டது. நெல் புடைக்க வந்த இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கயிற்றைப் பிடித்தபடி அழுதார். ஊருக்கே தண்ணீர் முறை சொன்னவர், மூக்கில் சளி ஒழுக, குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். நான் ஒரு குடம் தண்ணீரை அவர் காலில் ஊற்றிவிட்டு, "இன்னும் பதினோரு அடி கீது" என்றேன். அந்தப் பெண்களில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

வெறும் வாயால் நடக்க வைக்க முடியாது, தீனியும் வேண்டும் என்று எனக்குத் தெரியும். உழவு மாட்டுக்கு நாலு நாள் முன்னாலிருந்தே பருத்திக்கொட்டை வைக்கிறதில்லையா? என் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த முட்டையை நிறுத்தி அவருக்குக் கொடுத்தேன். பெரியபாளையத்திலிருந்து ஆட்டுக்கால் வாங்கிவரச் சொல்லி மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தேன். கேழ்வரகுக் கஞ்சியில் வெல்லம். இரண்டு வேளை முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்தேன். என் மகள் அவர் முட்டையைப் பார்த்து அழுதால் முதுகில் ஒன்று வைத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எங்கம்மா இருந்தாக்கூட நைனாவை இப்பிடிப் பாத்துக்குனு இருக்க மாட்டா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "சோறு ஆறுது, துன்னுங்க" என்றேன்.

பத்து நாளில் அவர் கயிற்றைப் பிடித்து மரத்தடிக்குப் போய் வந்தார். பதினைந்தாம் நாள் ஒரு கையை விட்டார். அவரே சத்தமாக எண்ணிக்கொண்டு நடப்பார். "பதிமூணு… பதினாலு…" நிழல் அளந்த காலத்துக் கணக்கு, ஒன்றுகூடத் தவறாது. கடைசியில் கயிற்றின் நடுவே ஒரு பனங்கட்டையைக் குறுக்கே போட்டேன். அது எதற்கென்று அவர் கேட்கவில்லை. காலைத் தூக்கித் தாண்டப் பழகினார். இரண்டு தடவை முட்டியை அடித்துக்கொண்டு விழுந்தார். மஞ்சளை இழைத்துப் போட்டு மறுபடி நிற்க வைத்தேன்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் என்னோடு பேச ஆரம்பித்தார். எட்டு வருஷமாகப் பேசாத மனிதர். எண்ணெய் தேய்க்கும்போது, தன் சின்ன வயதில் ஆரணியாற்றில் வெள்ளம் வந்ததைச் சொல்வார். மாமியாரைப் பெண் பார்க்கப் போய் வண்டி குடைசாய்ந்த கதையைச் சொல்லிச் சிரிப்பார். பாதி முட்டையை மிச்சம் வைத்து, "இந்தாம்மா, நீ துன்னு. என்னோட நீயும்தான் நடக்கற" என்று நீட்டுவார். நான் அதை வாங்கிப் பேசாமல் தின்றுவிடுவேன். ஒரு முறை, "இன்னாத்துக்கு எனக்காவ இம்மாம் பேஜாரு பட்ற?" என்று கேட்டார்.

"உங்க வார்த்தை கெட்டுப்போவக் கூடாது இல்ல மாமா" என்றேன்.

கூசாமல் வந்தது அந்தப் பொய். அவர் என் தலைமேல் கையை வைத்தார். கை கயிறு தேய்த்துத் தேய்த்துச் சொரசொரவென்று இருந்தது. இன்னும் ஆறு நாள்தான் என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் என்றால் எங்கள் ரோட்டில் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகிற வண்டிகள் ஓயாது. வேப்பிலை கட்டின மாடுகளும், மஞ்சள் துணிப் பெண்களும், பம்பைச் சத்தமுமாகப் போய்க்கொண்டே இருக்கும். அமாவாசை அன்றைக்குக் கூட்டம் அதிகம். மத்தியானத்துக்குமேல் அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சலவை வேட்டி கட்டிவிட்டேன். அவர் செம்பையும் பாயையும் மூட்டையாகக் கட்டி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கை பரபரத்தது. சட்டியை உடைத்தே போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கிழவர் நடக்கப் போகிறார் என்று தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டு கோயில் வண்டிகள்கூட நின்றன. நான் அவருக்கு ஒரு முழம் பின்னால். கை கொடுக்கக் கூடாது, விழுந்தால் பிடிக்கலாம். அவர் எண்ணிக்கொண்டே போனார். பத்தில் நின்று மூச்சு வாங்கினார். பதினெட்டில் லேசாகத் தள்ளாடினார். "நடங்க மாமா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இருபத்தைந்துக்கு அப்புறம் அவர் எண்ணுகிற சத்தம் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. நான் என் வாய்க்குள் எண்ணினேன். முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

வாசற்படிக்கு உள்ளே என் ஓரகத்தி செம்பில் தண்ணீரோடு நின்றிருந்தாள். ஏழு மாத வயிறு. முகத்தில் ரத்தமே இல்லை. அவர் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பனங்கட்டையில் பழகின மாதிரியே வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். தெருவில் பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு உடம்பு முழுக்கப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. முடிந்தது, இனி நான் என் பிள்ளைகளோடு உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்பேன் என்று நினைத்தேன்.

அவர் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்தபடி நின்றார். மெதுவாகத் தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தார்.

"எல்லாரும் பாத்துக்குனீங்களா? கால் வெச்சிட்டேன். என் வார்த்தை நிக்கிது."

"நிக்கிது, நிக்கிது" என்றது தெரு.

"ஆனா நான் இங்க இருக்கறதா இல்ல" என்றார். உள்ளே வைத்த காலை எடுத்து வெளியே வைத்தார். "பெத்த புள்ள என்னைத் தூக்கினு போவப் பாத்தான். பெரியவதான் என்னை நடக்க வெச்சா. கொழந்தைக்கு நடை பழக்கற மாரி பழக்கனா. அவ ஊட்டை உட்டு நான் எங்க போறது? இன்னியோட முறை கெடையாது. சாவற வரைக்கும் அவகிட்டதான் இருப்பேன்."

கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். ஓரகத்தி செம்பைக் கீழே வைத்துவிட்டு, அந்த வயிற்றோடு படியைத் தாண்டி வந்து என் காலைத் தொட்டாள். தப்பித்துவிட்ட நிம்மதியில் அவளுக்கு அழுகை நிற்கவில்லை. கோயில் வண்டியிலிருந்து ஒரு கிழவி இறங்கி வந்து, ஆத்தாளே உன் ரூபத்தில் வந்திருக்கிறாள் என்று என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். மாமனார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். தன் வாழ்நாளில் யாருக்கும் கொடுக்காத ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டதாக அவர் நினைப்பு. தனக்குத் தானே போட்ட சட்டத்தை எனக்காக உடைத்துவிட்டார். ஆள் இல்லாத இடமாக இருந்திருந்தால் நான் அந்தப் படியிலேயே அவரைத் தள்ளிவிட்டிருப்பேன். ஆள் இருந்தது. கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இப்போது கை கொடுக்கத் தடை ஏதும் இல்லையே.

மறுநாள் விடிந்ததும் புழக்கடைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். கிணற்று வடம் நைந்துபோச்சு என்று என் வீட்டுக்காரர் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இத்த எடுத்துக்கினு போங்க" என்று கொடுத்துவிட்டேன். முட்டையை அவித்து என் மகளுக்குக் கொடுத்தேன். மண்சட்டியில் புதிதாகச் சாம்பல் போட்டு, கட்டிலுக்கு அடியில், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.

அவர் எப்போதும்போல எழுந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். முகம் பளிச்சென்று இருந்தது.

"இன்னாம்மா, இன்னிக்கி நடக்கறது இல்லியா?"

"எதுக்கு மாமா?" என்றேன். "இனிமே எங்க போவணும்?"

நான் அதைக் கத்திச் சொல்லவில்லை. வழக்கமான குரலில்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொட்டகைக் கம்பத்தையும் முருங்கை மரத்தையும் பார்த்தார். நடுவே ஒன்றும் இல்லை. பனங்கட்டை மட்டும் அங்கேயே கிடந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது எதற்கு என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். கடைசியாகக் குனிந்து, கட்டிலுக்கு அடியில் கிட்டத்தில் வைத்திருந்த சட்டியைப் பார்த்தார். கட்டின வேட்டியைத் தளர்த்திக்கொண்டு, மெதுவாகக் காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"முடிஞ்சிது" என்றார்.

வரப்பில் நின்று சொல்கிற அதே குரல். அதற்குப் பிறகு தை மாதம் வரைக்கும் இருந்தார். வேளைக்குக் கஞ்சி கொடுத்தேன், துடைத்து எடுத்தேன், ஒரு புண் வரவிடவில்லை. துடைக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வதை நிறுத்திவிட்டார். என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு மாதமும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.